‘தண்ணி குடி’: டர்பனில் ஒரு பேச்சிழப்பு நிகழ்வு ஆய்வு

“அம்மா என்னைத் தண்ணி குடி, தண்ணி குடின்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. சரின்னு நான் குடிச்சா கோபம் வந்து டம்ளரைத் தட்டிவிடறாங்க. புத்தி குழம்பிடுச்சா?”

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து மகள் இதைக் கேட்டார். கேட்டது ஆங்கிலத்தில். ‘தண்ணி குடி’ என்ற இரண்டு சொற்கள் மட்டும் தமிழ். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து அப்போது ஐந்தாவது வாரம். மருத்துவமனைச் சீட்டில் ‘முழுப் பேச்சிழப்பு’ என்று எழுதியிருந்தது. பேசவும் வராது, பிறர் பேசுவதும் புரியாது என்று அதற்குப் பொருள். குடும்பமோ அதற்கும் ஒரு படி மேலே போய், மறதி நோய் தொடங்கிவிட்டது என்று பயந்துகொண்டிருந்தது.

நான் பேச்சு சிகிச்சையாளர். திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, திருமணமாகி டர்பனுக்கு வந்தவள். குடும்பத்தின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். யார் என்று காட்டிக்கொடுக்கும் விவரங்களை எடுத்துவிட்டேன். வீட்டில் எல்லோரும் கூப்பிடுவது போல நோயாளியை ஆயா என்றே குறிப்பிடுகிறேன். இங்கே பல தமிழ்க் குடும்பங்களில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஆயாவின் மொழிகள்

வயது 79. வலக்கைப் பழக்கம். பல வருடங்களாக ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. இதயத் துடிப்பு தாளம் தப்பி அடிப்பது மருத்துவமனையில்தான் முதன்முதலாகத் தெரிந்தது. அப்படித் துடிக்கும் இதயத்தில் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போய் அடைப்பது பக்கவாதத்துக்கு ஒரு முக்கியமான காரணம்.

ஒருவர் எந்த மொழியை எப்போது, யாரிடம் கற்றார் என்பது பேச்சிழப்பு உள்ளவரின் மருத்துவ வரலாற்றில் ரத்த அழுத்தத்துக்குச் சமமான தகவல். அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஆயா பிறந்தது டர்பன் மாநகராட்சித் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பராக்ஸில். 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்ததிலிருந்து 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக 1,52,184 பேர் டர்பனைச் சுற்றியுள்ள நடால் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னை மாகாணத்துக்காரர்கள். ஆயாவின் தாத்தாவும் அப்படி வந்தவர்தான். அப்பா தெருக்கூத்தில் மத்தளம் அடித்தவர். கூத்தை இங்கே ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்பார்கள். அப்புறம் 1960களில், இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின்படி பராக்ஸைக் காலி செய்து மக்களை சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். ஆயா அப்போது இளம்பெண்.

வீட்டில் அதுவரை தமிழ் மட்டும். பள்ளியில் நான்கு வருடம் ஆங்கிலம் படித்தார். ஆனால் ஆங்கிலம் சரளமாக வந்தது துணித் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்த பிறகுதான். அங்கேயே கொஞ்சம் ஜூலுவும் பழகினார். பிள்ளைகள் பிறந்ததும் அவர்களிடம் ஆங்கிலத்திலேயே பேசத் தொடங்கினார். அந்தக் காலத்தில் இங்கே பல தாய்மார்கள் எடுத்த முடிவு அது. மகளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. பேரனுக்கு ஒன்றிரண்டு சொல்லுக்கு மேல் புரியவும் செய்யாது. கணவர் இறந்தபின் ஆயா தமிழ் பேசியது கோயிலிலும், பக்கத்து வீட்டு அக்காவிடமும், சாமி விளக்கின் முன்னாலும் மட்டும்தான்.

அந்தக் காலை

இரவு ஒன்பதரைக்கு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்தவர். காலை ஆறு மணிக்கு மகள் தேநீர் கொண்டுபோனபோது வலது வாயோரம் தொங்கியிருந்தது, வலது கை தூக்க வரவில்லை, பேச்சும் இல்லை. உடனே கிளம்பிவிட்டார்கள். ஆனாலும் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பக்கவாதம் தொடங்கிய 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். தூக்கத்தில் வந்ததால் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. இப்படிப்பட்டவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, ஒரு வகைப் படத்தில் பாதிப்பு தெரிந்து இன்னொரு வகையில் இன்னும் தெரியாமல் இருந்தால் நேரம் அதிகம் ஆகவில்லை என்று கணித்து ஊசி போடலாம் என 2018இல் வெளியான ‘வேக்-அப்’ ஆய்வு காட்டியது. அந்தக் காலையில் அந்த மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. வசதி கிடைக்கவில்லை. சி.டி. ஸ்கேன்தான் எடுத்தார்கள்.

ரத்தக் கசிவு இல்லை. இடது முன்மடலின் கீழ்ப்பகுதியிலும் அதை ஒட்டி உள்ளே மடிந்திருக்கும் இன்சுலாவிலும் மங்கல் தெரிந்தது. இடது நடு மூளைத் தமனியின் மேற்கிளை ரத்தம் கொடுக்கிற இடம் அது. பேச்சை உருவாக்கும் பகுதி என்று 1861இல் பால் புரோக்கா காட்டிய இடமும் அங்கேதான். காதுக்கு மேலே, பேச்சைப் புரிந்துகொள்ள உதவுவதாக 1874இல் வெர்னிக்கே காட்டிய பொட்டுமடல் பகுதி சுத்தமாக இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

சி.டி. ஸ்கேனுக்குப் பின்னால் இருக்கிற கணக்கைப் போட்டவர்களில் ஒருவர் இந்த நாட்டுக்காரர். 1924இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த ஆலன் கோர்மாக், கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் விரிவுரையாளராக இருந்தார். 1956இல் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் இயற்பியலாளர் இடம் காலியானபோது, வாரத்தில் ஒன்றரை நாள் அங்கே போய் வேலை பார்த்தார். ஒரே திசையிலிருந்து எடுக்கும் எக்ஸ்-ரே படத்தில் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துவிடும். பல திசைகளிலிருந்து கதிரைச் செலுத்தி அளந்தால் உள்ளே எந்தப் புள்ளியில் என்ன இருக்கிறது என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாம் என்று அவர் காட்டினார். அலுமினியத்தையும் மரத்தையும் வைத்துச் சோதனை செய்து பார்த்து, 1963இலும் 1964இலும் கட்டுரை எழுதினார். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1979இல், சி.டி. இயந்திரத்தை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. ஒரு திசையிலிருந்து பார்த்தால் பொய்த் தோற்றம் வரும் என்ற அவருடைய கணக்கை, ஆயாவின் கோப்பைப் படித்துக்கொண்டிருந்தபோது நான் பலமுறை நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் சோதனை

வார்டில் நான்காம் நாள் பேச்சுச் சோதனை நடந்தது. முழுவதும் ஆங்கிலத்தில். குறிப்பு இப்படிப் போகிறது: பொருளில்லாத ஒலிகள், படங்களின் பெயர் சொல்ல வரவில்லை, இரண்டு கட்டளைகளைச் சேர்த்துச் சொன்னால் செய்வதில்லை. முடிவு, முழுப் பேச்சிழப்பு.

அந்த வார்டில் ஜூலு பேசுபவர்கள் நிறைய. ஆங்கிலமும் உண்டு. தமிழ் தெரிந்தவர் அன்று யாரும் இல்லை, தமிழில் சோதிக்கத் தாளும் இல்லை. சோதித்தவர் மீது எனக்குக் குறை இல்லை, ஒரு காலையில் எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ. முதல் நாட்களில் காயத்தைச் சுற்றியுள்ள மூளைத் திசுவும் செயலிழந்து கிடக்கும் என்பதால், அன்றைக்கு அந்த முடிவு ஓரளவு சரியாகவே இருந்திருக்கலாம். எனக்கு வருத்தம் அதற்குப் பிறகு நடந்ததில். பொட்டுமடல் சுத்தமாக இருக்கிறது என்று ஸ்கேன் சொல்கிறது, எதுவுமே புரியவில்லை என்று சோதனை சொல்கிறது. இரண்டும் முட்டுகின்றன. முட்டும்போது திரும்பச் சோதிக்க வேண்டும். யாரும் செய்யவில்லை. ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பியபோது, பேச்சுப் பயிற்சியால் பெரிய பலன் இருக்காது என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 6ஆம் பிரிவில், மதித்துப் போற்ற வேண்டிய சமூக மொழிகளின் வரிசையில் தமிழின் பெயர் எழுதியே இருக்கிறது. அது ஒரு வார்டின் சோதனைத் தாள் வரைக்கும் வந்து சேர வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

தமிழில் சோதித்தபோது

முதலில் காது. இரண்டு காதிலும் அழுக்கு அடைத்திருந்தது, வயதால் வந்த மந்தமும் இருந்தது. சுத்தம் செய்ய வைத்து, மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக, தமிழில் தொடங்கினேன். “கண்ணை மூடுங்க ஆயா.” மூடினார். “கதவைக் காட்டுங்க.” காட்டினார். ஒற்றைக் கட்டளைகள் பத்துக்குப் பத்து. “விளக்கைப் பாருங்க, அப்புறம் கையைத் தூக்குங்க” மாதிரி இரட்டைக் கட்டளைகள் பத்துக்கு எட்டு. அதே அறையில், அதே குரலில் ஆங்கிலத்தில் கேட்டபோது ஒற்றைக் கட்டளை ஏழு, இரட்டைக் கட்டளை மூன்று. மகள் சுவரில் சாய்ந்து நின்று அழுதார். ஐந்து வாரமாக அம்மாவுக்கு எதுவும் புரியவில்லை என்று நினைத்து, அம்மாவின் முன்னாலேயே எதை எதையோ பேசியிருக்கிறார்களே என்று.

படங்களுக்குப் பெயர் சொல்லும் சோதனைக்கு, பரவலாகப் பயன்படும் பாஸ்டன் படத் தொகுப்பை நான் எடுக்கவில்லை. அதில் பனிவீடும், பீவர் என்ற குளிர்நாட்டு விலங்கும் வருகின்றன. சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்த ஒருவருக்கு அவை நல்ல நாளிலேயே தடுமாறும். முப்பது படங்களை நானே சேர்த்தேன்: அம்மி, குத்துவிளக்கு, வெற்றிலை, கரும்பு, முருங்கைக்காய், சீப்பு, கத்தரிக்கோல், தையல் மெஷின் என்று. தமிழில் 9 சரி, ஆங்கிலத்தில் 2. முதல் எழுத்தை நான் எடுத்துக்கொடுத்தால் தமிழில் 17, ஆங்கிலத்தில் 6. சொல் அழிந்துபோயிருந்தால் முதல் எழுத்தைக் கொடுத்து என்ன பயன்? சொற்கள் உள்ளே இருக்கின்றன, எடுக்கும் வழிதான் அடைபட்டிருக்கிறது என்று இது காட்டுகிறது. மதிப்பெண் போடுவதில் ஒரு சிக்கல் வந்தது. கரண்டிப் படத்தைப் பார்த்து ‘ஸ்பூனு’ என்றார். அது தமிழா ஆங்கிலமா? கடைசியில் உகரம் சேர்த்துச் சொன்னதால் தமிழ்க் கணக்கில் எழுதினேன். ஆயாவின் தமிழில் அது தமிழ்ச் சொல்தான்.

இனி ‘தண்ணி குடி’. மேசையில் தண்ணீர் வைத்துவிட்டு, ஆயா அதைச் சொல்லும்வரை காத்திருந்தேன். சொன்னார். நான் டம்ளரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

இப்படிப்பட்ட பேச்சிழப்பில் ஆங்கிலம் பேசுபவர்கள் வினைச்சொல்லின் விகுதியை விட்டுவிடுவார்கள். கேட்பவருக்கு அரைகுறை வாக்கியம் என்று உடனே தெரிந்துவிடும். தமிழில் விஷயம் வேறு. ‘குடிக்கிறேன்’, ‘குடிச்சேன்’, ‘குடிக்கணும்’ எல்லாவற்றிலும் வாலை வெட்டினால் மிஞ்சுவது ‘குடி’. அது நம் மொழியில் முழுமையான ஒரு சொல், அதுவும் கட்டளை. ஆயா சொல்ல வந்தது ‘தண்ணி குடிக்கணும்’. மகளுக்குக் கேட்டது ‘நீ குடி’. மகள் குடித்தார், தாகத்தோடு இருந்தவருக்குக் கோபம் வந்தது. ‘தூங்கு’, ‘உக்காரு’, ‘வெளிய போ’ என்று ஐந்து வாரமாக வீட்டில் விழுந்த கட்டளைகள் எல்லாம் இப்படித்தான். ‘வெளிய போ’ என்றதைக் கேட்டு வருத்தப்பட்டு பேரன் இரண்டு நாள் அறைப் பக்கமே வரவில்லையாம். ஆயா கேட்டது வாசலில் கொஞ்சம் உட்கார வேண்டும் என்று.

தமிழ் பேசுபவர்களின் பேச்சிழப்பைப் பார்க்கும் யாரும் இதை மறக்கக் கூடாது என்று சொல்வேன். நோயாளி திடீரென்று அதிகாரம் செய்கிறார், மரியாதை இல்லாமல் ஏக வசனத்தில் பேசுகிறார் என்று வீட்டில் குறை சொன்னால், முதலில் வினைச்சொற்களைக் கவனியுங்கள். வேற்றுமை உருபைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. ‘டீ குடிச்சேன்’ என்று ‘ஐ’ இல்லாமல் பேசுவது நம் பேச்சில் சரியான தமிழ், அதைப் பிழையாக எண்ணக் கூடாது. ஆனால் ‘பையனை நாய் துரத்துது’ என்றதும், பையன் நாயைத் துரத்தும் படத்தை ஆயா காட்டினார். ‘ஐ’ எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்க்காமல், முதலில் வந்தவரே செய்தவர் என்று எடுத்துக்கொள்கிறார். இப்படிப் பத்து வாக்கியங்களில் ஐந்து சரி. காசைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவு வரும்.

ஆகத் தமிழும் அடிபட்டிருந்தது. இதை வீட்டாருக்குச் சொல்வது கஷ்டமாக இருந்தது. ஏனென்றால் இதற்குள், ஆயா கோயில் பாட்டை முழுவதும் பாடுகிறார் என்று மகள் கண்டுபிடித்துவிட்டார். நான் போன அன்று பாடியும் காட்டினார், ஒரு சொல் பிசகாமல். தமிழ் திரும்பிவிட்டது என்று வீடே கொண்டாடியது. பேச முடியாதவர் பாடுவதை 1745லேயே ஸ்வீடனில் ஓலோஃப் டாலின் எழுதி வைத்திருக்கிறார், ‘ஆம்’ என்பதைத் தவிர வேறு பேச்சில்லாத ஒருவர் துதிப்பாடல்களைப் பாடியதை. மனப்பாடமான பாட்டும், ஒன்று இரண்டு மூன்றும், கிழமைகளும் ஒரே கயிறாகக் கோத்துக் கிடப்பவை, தலைப்பை இழுத்தால் முழுவதும் வரும். பாட்டின் நடுவிலுள்ள ஒரு சொல்லைத் தனியாகச் சொல்லுங்கள் என்று கேட்டேன். வரவில்லை.

ஆறு சீட்டு

புத்தி குழம்பிவிட்டதா என்ற கேள்வி மிச்சம் இருந்தது. மறதி நோய்க்கான வழக்கமான சோதனைகள் எல்லாம் பேச்சின் வழியாகத்தான் கேட்கின்றன. பேச்சிழப்பு உள்ளவருக்கு அவற்றைக் கொடுத்தால் பேச்சிழப்புக்கே மறுபடி மதிப்பெண் போட்டதாகிவிடும். வடிவங்களைப் பொருத்தும் படத் தாளைக் கொடுத்துப் பார்த்தேன், நன்றாகச் செய்தார். ஆனால் எனக்கு உறுதி வந்தது சீட்டாட்டத்தில்.

டர்பன் இந்தியர்களுக்கு ‘தனி’ என்று ஒரு சீட்டாட்டம் உண்டு. தண்ணி என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து வந்த பெயர் என்பார்கள். நான்கு பேர், இரண்டு அணி, 24 சீட்டு, ஆளுக்கு ஆறு. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, மொத்தம் 304. ஆயா ஞாயிற்றுக்கிழமைகளில் விடாமல் ஆடியவர். இடது கையில் சீட்டைப் பிடிக்க ஒரு மரச் சட்டம் செய்து கொடுத்து ஆட வைத்தோம். எது துருப்பு, எந்த ஜாக் வெளியே போய்விட்டது, கூட்டாளியிடம் என்ன இருக்கும் என்று எல்லாம் நினைவில் வைத்து ஆடினார். விலை கேட்கும்போது மட்டும் வாய் வரவில்லை, விரலைக் காட்டினார். ஆட்டம் முடிந்ததும் பேரன், “ஆயா என் ஒன்பதைக் கணக்குப் பண்ணியே வெட்டிட்டாங்க” என்றான். மறதி நோய்ப் பேச்சு அன்றோடு நின்றது.

ஸ்கேனில் தமிழ் எங்கே

மூன்றாம் மாதம் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். சி.டி. சொன்னதையே இன்னும் துல்லியமாகச் சொன்னது: இடது முன்மடலின் கீழ்மடிப்பு, இன்சுலா, அவற்றின் அடியில் ஓடும் வெள்ளை நரம்பிழைகள். பொட்டுமடல் முழுசு. படமும் தமிழ்ச் சோதனையும் இப்போது ஒன்றையொன்று ஒத்துக்கொண்டன.

பேரன் பொறியியல் படிப்பவன். ஸ்கேனில் தமிழ் இருக்கும் இடத்தைப் பார்க்க முடியுமா என்று கேட்டான். நல்ல கேள்வி. 1990இல் செய்ஜி ஒகாவா காட்டிய முறைதான் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ.க்கு அடிப்படை. மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே ரத்தம் கூடுதலாகப் பாயும். ஆக்சிஜன் உள்ள ரத்தமும் இழந்த ரத்தமும் காந்தப் புலத்தில் வேறுவேறாக நடந்துகொள்ளும், அந்த வேறுபாட்டைப் படமாக்குகிறார்கள். அதாவது படத்தில் தெரிவது ரத்தம், சொல் அல்ல. இந்த முறையில் 1997இல் ஜாய் ஹிர்ஷ் குழுவினர், இரண்டாம் மொழியைப் பெரியவரான பிறகு கற்றவர்களுக்குப் புரோக்கா பகுதியில் இரண்டு மொழிகளுக்கும் சற்றே தள்ளித் தள்ளி இடம் இருப்பதையும், சிறு வயதிலேயே இரண்டையும் கற்றவர்களுக்கு அவை ஒன்றாக இருப்பதையும் கண்டார்கள். அதற்கு முன்பே 1978இல் ஓஜ்மானும் விட்டேக்கரும், அறுவை சிகிச்சையின்போது மூளையின் மேற்பரப்பில் சிறு மின்சாரம் கொடுத்துப் பார்த்தார்கள். சில இடங்களில் ஒரு மொழி மட்டும் தடுமாறியது, சில இடங்களில் இரண்டும்.

‘தமிழ் அறை’, ‘ஆங்கில அறை’ என்று மூளையில் கதவு போட்டுப் பிரித்திருக்கவில்லை என்று அவனிடம் சொன்னேன். பக்கவாதத்துக்குப் பின் எந்த மொழி முதலில் திரும்பும் என்பதற்கு இரண்டு பழைய விதிகள் உண்டு. முதலில் கற்றது என்றார் ரிபோ. அதிகம் பழகியது என்றார் பீத்ர், 1895இல். ஆயாவுக்கு முதலில் கற்றது தமிழ், அறுபது வருடமாக அதிகம் பழகியது ஆங்கிலம். நடந்ததைப் பார்த்தால் ரிபோ ஜெயித்தது போலத் தெரியும். ஆனால் மிஷேல் பராடி 132 நோயாளிகளின் பதிவுகளைத் தொகுத்தபோது, 61 சதவீதம் பேருக்கு மொழிகள் சேர்ந்தே திரும்பியிருந்தன. ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் திரும்பியது 18 சதவீதம். ‘கடைசியில் தாய்மொழி மட்டும் மிஞ்சும்’ என்ற கதை எல்லோருக்கும் பிடித்தது, எனக்கும் பிடிக்கும். அதை நம்பி ஆங்கிலத்தைக் கைவிட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இந்த எண்களைச் சொன்னேன். பேரனோடு பேச ஆயாவிடம் இருப்பது ஆங்கிலம்தான்.

மின்சாரம்

அடுத்த வாரம் பேரன் போனில் ஒரு கருவியைக் காட்டினான். தலையில் மாட்டிக்கொண்டால் மூளைக்கு லேசான மின்சாரம் கொடுக்குமாம், பேச்சு திரும்புமாம். சேர்த்து வைத்த காசில் வாங்கத் தயாராக இருந்தான். அவனைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. உட்கார வைத்து எல்லாவற்றையும் பேசினோம்.

இரண்டு வகை உண்டு. ஒன்று காந்தத் தூண்டல். 1985இல் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் செய்து காட்டியது. தலைக்கு மேல் வைத்த சுருளில் நொடியின் சிறு பகுதிக்குக் காந்தப் புலம் எழுந்து அடங்கும், அது மண்டையோட்டைக் கடந்து உள்ளே மின்னோட்டத்தை உண்டாக்கி நரம்பணுக்களை இயக்கும். மனச்சோர்வுக்கு இது 2008லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிகிச்சை. பேச்சிழப்புக்கு இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. 2005இல் மார்கரெட் நேசர் குழுவினர், நீண்ட நாள் பேச்சிழப்பு உள்ள நான்கு பேருக்கு வலது மூளையில் புரோக்கா பகுதிக்கு எதிரே உள்ள இடத்தை நொடிக்கு ஒரு துடிப்பு என்று பத்து நாள் தணித்துப் பார்த்தார்கள். படப்பெயர் சொல்வது மேம்பட்டது. இடது பக்கம் அடிபட்டதும் வலது பக்கம் மிகையாகக் குதித்து இடதின் மீட்சியைத் தடுக்கிறது என்பது அவர்களின் யோசனை. எல்லோருக்கும் அப்படியா, சிலருக்கு வலது பக்கம் உதவுகிறதா என்று இன்னும் வாதம் நடக்கிறது.

மற்றது பேரன் காட்டிய வகை. உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சு மின்முனைகளைத் தலையில் வைத்து, 1 முதல் 2 மில்லி ஆம்பியர் நேர் மின்சாரத்தைச் சுமார் 20 நிமிடம் விடுவது. இது நரம்பணுவைத் தானாக இயக்காது, இயங்கத் தயாரான நிலைக்குக் கொஞ்சம் அருகே கொண்டுவரும். அதனால் அந்த நேரத்தில் பயிற்சியும் நடக்க வேண்டும். சும்மா மாட்டிக்கொண்டு டிவி பார்த்தால் பேச்சு வராது. ஜூலியஸ் ஃபிரிட்ரிக்சன் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில் 74 பேர். எல்லோருக்கும் 15 அமர்வு பேச்சுப் பயிற்சி, பாதிப் பேருக்கு அதோடு 1 மில்லி ஆம்பியர், மற்றவர்களுக்குக் கொடுப்பது போன்ற பாவனை மட்டும். சரியாகச் சொன்ன பெயர்கள் மின்சாரம் பெற்றவர்களுக்குச் சராசரியாக 13.9 கூடின, மற்றவர்களுக்கு 8.2. அந்த ஆய்வின் கேள்வியே ‘மேற்கொண்டு ஆராய்வது வீணா?’ என்பதுதான். வீண் இல்லை என்று பதில் வந்தது. அதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. எனக்கு இதில் பெரிதாகப் படுவது அந்த 8.2. மின்சாரமே இல்லாமல், பயிற்சி மட்டும் கொடுத்தது அது. பயிற்சியால் பலன் இருக்காது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் ஆயா.

இன்னொரு விஷயம். அந்த ஆய்வில் மின்முனையை எங்கே வைப்பது என்பதை ஒவ்வொருவருக்கும் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. எடுத்து, படங்களுக்குப் பெயர் சொல்லும்போது இடது மூளையில் எந்த இடம் உயிர்ப்போடு இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்தார்கள். கடையில் வாங்கும் கருவிக்கு ஆயாவின் காயம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. பஞ்சு காய்ந்துவிட்டால் தோலில் புண்ணும் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்றாம் வாரத்தில் ஆயாவுக்கு ஒருமுறை வலிப்பு வந்திருந்தது. வலிப்பைத் தூண்டிவிடும் அபாயம் இருப்பதால் காந்தத் தூண்டல் வேண்டாம் என்று நரம்பியல் மருத்துவர் உறுதியாகச் சொன்னார். நேர் மின்சாரத்தையும், முறையான ஆய்வுக் கண்காணிப்பு இல்லாமல் கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை. எனக்கும் அதுவே சரி என்று பட்டது. பேரன் கருவியை வாங்கவில்லை. அந்தக் காசில் ஆயாவுக்குக் காதுக் கருவி வாங்கினான்.

பயிற்சி

வாரம் இருமுறை நான் போனேன், முக்கால் மணி நேரம். மற்ற நாட்களில் மகள் இருபது நிமிடம். பதினாறு வாரம் நடந்தது.

எந்த வாலை முதலில் ஒட்டுவது? ‘-ணும்’ என்று முடிவு செய்தேன். ‘குடிக்கிறேன், குடிக்கிற, குடிக்கிறாங்க’ என்று மற்றவை ஆளுக்கு ஆள் மாறும். ‘குடிக்கணும்’ நான், நீ, அவங்க எல்லோருக்கும் ஒன்றுதான். ஒரே வாலைக் கற்றால் போதும், தாகமும் தூக்கமும் வாசலும் கிடைத்துவிடும். இதற்கு மெட்டைத் துணையாக எடுத்துக்கொண்டேன். பாஸ்டனில் 1973 வாக்கில் உருவான மெட்டுப் பேச்சு முறையில், தேவையான சொற்றொடரை ஏற்ற இறக்கத்தோடு பாடி, இடது கையால் தாளம் தட்டி, மெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிப் பேச்சாக்குவார்கள். அவர்களின் இரண்டு சுரம் ஆயாவின் வாயில் ஒட்டவில்லை. தன் பிள்ளைகளுக்குப் பாடிய தாலாட்டின் இழுப்பில் ‘தண்ணி குடிக்கணும்’ என்றபோது ஒட்டியது. மத்தளக்காரர் மகள் ஆயிற்றே, தாளம் மட்டும் முதல் நாளே சரியாக விழுந்தது. இந்த முறை பழக்கிய தொடர்களுக்கு நன்றாக உதவும், பழக்காதவற்றுக்கு அவ்வளவாகப் பரவாது. அதனால் அன்றாடம் வேண்டிய பன்னிரண்டு தொடர்களை மகளோடு உட்கார்ந்து தேர்ந்தெடுத்தேன்.

மகளுக்கும் பயிற்சி தேவைப்பட்டது. அம்மாவுக்குத் தமிழில் பதில் சொல்ல அவர் கூச்சப்பட்டார், உச்சரிப்பு தப்பாகிவிடும் என்று. பக்கத்து வீட்டு அக்கா தினமும் சாயங்காலம் வந்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார். அவருடைய பங்கு இந்தக் கோப்பில் எந்தக் கட்டத்திலும் எழுத இடமில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

இப்போது

பயிற்சி முடிந்தபோது முப்பது படங்களில் தமிழில் 19, ஆங்கிலத்தில் 11. பன்னிரண்டு தொடர்களில் பத்தை யாரும் எடுத்துக்கொடுக்காமல் சொல்கிறார். ‘ஐ’ உருபை வைத்துப் புரிந்துகொள்வது பத்துக்கு ஆறு, அதாவது ஏறக்குறைய அப்படியே. ஆங்கிலத்தில் படங்களுக்குப் பயிற்சியே கொடுக்கவில்லை, ஆனாலும் அது 2லிருந்து 11க்கு வந்திருக்கிறது. தமிழிலிருந்து கசிந்ததா, வீட்டில் நாள் முழுவதும் காதில் விழுவதாலா, தானாக ஆறியதா என்று ஒரே ஒரு நோயாளியை வைத்துப் பிரிக்க முடியாது. பக்கவாதத்துக்குப் பின் முதல் மூன்று மாதங்களில் தானாக வரும் மீட்சி அதிகம், நான் தொடங்கியது ஐந்தாவது வாரத்தில். தமிழில் வந்த முன்னேற்றத்துக்கும் இது பொருந்தும்.

கோப்பின் முதல் தாளில் இருந்த ‘முழுப் பேச்சிழப்பு’ என்பதை நரம்பியல் மருத்துவர் அடித்துவிட்டு, ‘புரோக்கா வகை, மொழிகள்: தமிழ், ஆங்கிலம், சோதனை இரண்டிலும் நடத்தவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெரும்பாலும் புரியும், பேசத்தான் தடுமாறும் என்பது புரோக்கா வகை.

அடுத்த கட்டமாக இறந்தகால வினையைத் தொடங்கியிருக்கிறோம். காவடி முடிந்து நான் போன அன்று, கோயிலுக்குப் போனீர்களா என்று கேட்டேன். ஆயா இடது கையால் தொடையில் இரண்டு தட்டுத் தட்டி, “போ… போனே…” என்று நிறுத்தினார். மகள் வாயைத் திறக்கப் போக, நான் கையைக் காட்டி நிறுத்தினேன். சுவர்க் கடிகாரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. “போனேன்,” என்றார். என்றைக்கு என்று கேட்டதற்கு, “நாளைக்கு,” என்றார். இரண்டையும் குறித்துக்கொண்டேன்.